திறன் வேறுபட்ட இருவர் கூட்டுத் தொழில் தொடங்கும்போது ஒருவர் வேலையை மற்றவர் எப்படி மதிப்பிடுவது?

கருவி வடிவமைப்பாளர் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். அளவைக் கருவிகளை வடிவமைத்துத் தயாரிக்கும் வேலையில் நெடுங்காலமாக இருப்பவன் நான். ஒரு கருவியைக் கழற்றிப் பூட்டவும், பழுதின் காரணத்தைத் தேடிப் பிடிக்கவும் எனக்குத் தெரியும். வாடிக்கையாளரைத் தேடிப் போவதும், விலை பேசுவதும், நிலுவையைக் கேட்டு வாங்குவதும் எனக்குக் கைவராதவை. இதே துறையில் விற்பனையில் நல்ல பெயர் எடுத்த ஒருவர், இருவரும் சேர்ந்து தொழில் தொடங்கலாம் என்றும் ஆளுக்குப் பாதிப் பங்கு வைத்துக்கொள்ளலாம் என்றும் கேட்டிருக்கிறார்.

அவர் நேர்மையானவர் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அவருடைய வேலை எனக்குத் தெரியாது. என் வேலை அவருக்குத் தெரியாது. கேட்டவர்கள் எல்லோரும் இதைத்தான் இந்தக் கூட்டின் பலம் என்கிறார்கள். எனக்கோ இதை நினைத்தால்தான் தயக்கம் வருகிறது. அவர் மூன்று மாதம் அலைந்தும் ஓர் ஆர்டரும் வரவில்லை என்றால், சந்தை மந்தமாக இருக்கிறதா, கருவியில் குறையா, அவர் முயற்சியில் குறையா என்று நான் எதை வைத்துச் சொல்வேன்? புதிய வடிவமைப்பு இன்னும் ஆறு மாதம் இழுக்கும் என்று நான் சொன்னால் அவர் எதை வைத்து அதை நம்புவார்? இப்படிப்பட்ட கூட்டில் இருந்தவர்கள் இதை எப்படிக் கையாண்டீர்கள் என்று அறிய விரும்புகிறேன்.

பழைய பங்குதாரர்

சரியான இடத்தில் விரல் வைத்திருக்கிறீர்கள். நமக்குத் தெரியாததைத் தெரிந்தவர் என்பதற்காகவே ஒருவரைக் கூட்டாளியாகச் சேர்க்கிறோம். அதே காரணத்தால்தான் அவர் வேலையை எடைபோட நம்மால் முடிவதில்லை. ஒரே தொழில் தெரிந்த இருவர் சேர்ந்தால் இந்தச் சிக்கல் எழாது, அவர்களுக்கு வேறு சிக்கல்கள் உண்டு. மாறுபட்ட திறன் உள்ளவர்களின் கூட்டில் நம்பிக்கை தானாக வளரும் என்று விட்டுவிடக் கூடாது. ஒருவர் வேலை மற்றவர் கண்ணில் படுவதற்கு வேண்டிய ஏற்பாட்டை இருவரும் திட்டமிட்டே செய்தாக வேண்டும்.

நான் விற்பனையையும் நிர்வாகத்தையும் பார்த்தேன், என் கூட்டாளி மென்பொருளை எழுதினார். வேலை எவ்வளவு முடிந்தது என்று கேட்டால், தொண்ணூறு விழுக்காடு முடிந்துவிட்டது என்பார். அடுத்த மாதமும் அதே பதில் வரும். அவர் பொய் சொல்லவில்லை. மீதிப் பத்து விழுக்காட்டில்தான் கடினமான பகுதி முழுவதும் இருந்தது. விழுக்காட்டுக் கணக்கு கேட்பதையே இருவருமாகச் சேர்ந்து நிறுத்தினோம். வாரக் கடைசியில் இயங்கும் நிலையில் இருப்பதை என் முன்னால் இயக்கிக் காட்டுவார். இயங்காததை இயங்கவில்லை என்று சொல்வார். எனக்கு ஒரு வரி நிரலும் புரியாது, ஆனால் போன வாரம் வராத பட்டியல் இந்த வாரம் திரையில் வருகிறது என்பது எவருக்கும் புரியும்.

பதிலுக்கு அவரும் என்னுடன் வாடிக்கையாளரிடம் வந்தார். விற்பனைப் பேச்சு என்பது அரட்டை என்றே அதுவரை எண்ணியிருந்தவர் அவர். அன்று நான் மென்பொருளைத் திறந்து வைத்துவிட்டு எதுவும் பேசாமல் இருந்தேன். அந்த அலுவலகத்துக் கணக்கர் சேமிக்கும் பொத்தானைத் தேடித் திரை முழுவதும் கண்ணை ஓட்டினார், ஒருமுறை தவறான இடத்தில் அழுத்தினார், பிறகு பக்கத்திலிருந்த தாள் பேரேட்டை எடுத்து அதில் எழுதத் தொடங்கிவிட்டார். அந்தப் பேரேட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்த என் கூட்டாளி, அடுத்த பதிப்பில் அந்தத் திரையை அடியோடு மாற்றி எழுதினார். எத்தனையோ முறை நான் வாயால் சொல்லியும் நடக்காத மாற்றம் அது.

தொழில் வரலாறு வாசகர்

மேலே சொன்னதற்கு வலுச்சேர்க்கும் ஒரு பழைய எடுத்துக்காட்டைத் தருகிறேன். ஜேம்ஸ் வாட் நீராவி இயந்திரத்தில் நீராவியைத் தனிக் கலத்தில் குளிரச் செய்யும் அமைப்புக்கு 1769இல் காப்புரிமை பெற்றார். அப்போது அவருடைய கூட்டாளி ஜான் ரோபக். காப்புரிமையில் மூன்றில் இரண்டு பங்கு ரோபக்கிடம் இருந்தது. அவர் தம் சுரங்கத் தொழிலில் நொடித்துப் போனபோது, அந்தப் பங்கு கடனுக்கு ஈடாக மாத்யூ போல்டனிடம் வந்தது. 1775இல் காப்புரிமைக் காலத்தை 1800 வரை பிரிட்டிஷ் நாடாளுமன்றம் நீட்டித்துத் தந்த பிறகு, போல்டனும் வாட்டும் கூட்டுத் தொழிலை முறைப்படி தொடங்கினார்கள். போல்டனுக்குப் பர்மிங்காம் அருகே பெரிய தொழிற்கூடமும் தேர்ந்த கைவினைஞர்களும் இருந்தார்கள். வாட்டுக்கோ பேரம் பேசுவது என்றாலே வெறுப்பு. தீராத கணக்கைப் பேசித் தீர்ப்பதைவிட நிரப்பி வைத்த பீரங்கியின் முன் நிற்பது மேல் என்ற பொருளில் அவர் எழுதியிருக்கிறார்.

நீங்கள் எழுப்பிய கேள்விக்கு இவர்களிடம் இரண்டு பாடங்கள் உண்டு. முதலாவது, அவர்கள் பணம் வாங்கிய முறை. அதுவரை சுரங்கங்களில் இருந்த பழைய நியூகோமன் நீராவி இயந்திரத்தோடு ஒப்பிட்டால் தங்கள் இயந்திரம் மிச்சப்படுத்தும் நிலக்கரியின் மதிப்பில் மூன்றில் ஒரு பங்கைச் சுரங்க உரிமையாளர்களிடமிருந்து கட்டணமாகப் பெற்றார்கள். இயந்திரம் எத்தனை முறை இயங்கியது என்று எண்ணுவதற்குப் பூட்டிய பெட்டிக்குள் ஓர் எண்ணி பொருத்தப்பட்டிருந்தது. வாட்டின் பொறியியல் திறமை அந்த எண்ணியின் வழியே எல்லோரும் படிக்கக்கூடிய தொகையாக மாறியது. போல்டன் அதைப் புரிந்துகொள்ள வெப்பவியல் படிக்க வேண்டியிருக்கவில்லை. இரண்டாவது, சந்தையைப் பற்றிய அறிவு தொழிற்கூடத்துக்குள் வந்த விதம். சுரங்கத்தில் நீர் இறைக்கும் இயந்திரத்துக்கான தேவைக்கு ஓர் எல்லை உண்டு என்பதைப் போல்டன் உணர்ந்தார். ஆலைகளை ஓட்டும்படியான சுழல் இயக்கத்தை உருவாக்குமாறு வாட்டை அவர் விடாமல் வற்புறுத்தினார், 1781இல் வாட் அதற்கான காப்புரிமையைப் பெற்றார். அந்தத் தூண்டுதல் இல்லாமல் வாட் தாமாக அந்தப் பக்கம் திரும்பியிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

விற்பனைப் பிரிவு

இழையைத் தொடங்கியவருக்கு, எதிர்ப்பக்கத்திலிருந்தும் ஒரு குரல் வேண்டும் என்பதால் எழுதுகிறேன். பொருளை உருவாக்குபவர்களோடு கூட்டாக வேலை செய்த பெண் நான். உங்கள் வேலையின் பயன் கையில் எடுத்துப் பார்க்கக்கூடிய பொருளாக நிற்கிறது. எங்கள் வேலையில் பெரும்பகுதி எவர் கண்ணுக்கும் படாமலே போய்விடுகிறது. ஒருவரை ஐந்து முறை சந்தித்து, ஆறாவது முறை அவர் வேறிடத்தில் வாங்கிவிட்டார் என்றால், அந்த ஐந்து சந்திப்புகளும் வீண் என்றே தயாரிப்புப் பக்கம் இருப்பவருக்குத் தோன்றும். ஆனால் அவர் ஏன் வாங்கவில்லை என்பது தெரிந்திருந்தால் அதுவும் தொழிலுக்கு ஒரு வரவுதான்.

ஆகவே உங்கள் கூட்டாளியிடம் ஆர்டர் எண்ணிக்கையை மட்டும் கேட்காதீர்கள். யாரைப் பார்த்தார், அவர்கள் எதைக் கேட்டார்கள், எந்த இடத்தில் பேச்சு நின்றது, மறுத்தவர் சொன்ன காரணம் என்ன என்பதை அவர் எழுதி வைக்கட்டும். விலை அதிகம் என்று ஒருவர் சொல்வதற்கும், பழுது பார்க்க ஆள் கிடைக்காது என்று ஒருவர் சொல்வதற்கும் நீங்கள் செய்ய வேண்டிய வேலை முற்றிலும் வேறு. சில மாதங்கள் இந்தக் குறிப்புகளைத் தொடர்ந்து படித்தால், குறை சந்தையிலா, பொருளிலா, முயற்சியிலா என்ற உங்கள் கேள்விக்கான விடையும் அதிலேயே கிடைத்துவிடும். முயற்சி குறைந்தவரின் குறிப்பில் பெயர்களும் விவரங்களும் இருக்காது, பொதுவான வரிகள்தாம் இருக்கும்.

ஒன்றை நீங்களும் எண்ணிப் பார்க்க வேண்டும். குறித்த நாளில் கருவி போய்ச் சேரவில்லை என்றால், வாடிக்கையாளர் தொலைபேசியில் பேசுவது உங்களிடமில்லை, அவரிடம். பல ஆண்டுகள் சேர்த்து வைத்த நற்பெயரை அவர் உங்கள் நாட்காட்டியை நம்பி அடகு வைக்கிறார். அவர் போடும் முதலீட்டில் இதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

கணக்காய்வாளர்

ஆளுக்குப் பாதி என்பதைப் பற்றி யாரும் இன்னும் பேசவில்லை. பாதிப் பங்கு தவறு என்று நான் சொல்ல மாட்டேன். முதல் சந்திப்பில், பேசச் சங்கடப்பட்டுக்கொண்டு பாதி என்று முடித்துவிடுவதுதான் தவறு. உழைப்புக்கான ஊதியம், போட்ட பணத்துக்கான பயன், ஏற்கும் அபாயத்துக்கான பயன் ஆகிய மூன்றும் ஒரே எண்ணுக்குள் போய் ஒளிந்துகொள்ளும்போது, பின்னால் எவர் எதற்காக எவ்வளவு பெறுகிறார் என்பதே தெரியாமல் போகும்.

இந்தக் கணக்கு புதியதன்று. இடைக்காலத்தில் ஜெனோவா, வெனிஸ் நகரங்களின் கடல் வணிகர்கள் ‘கொமெண்டா’ என்ற கூட்டு முறையைக் கையாண்டார்கள். முழுப் பணத்தையும் கரையில் இருப்பவர் போட்டு, மற்றவர் கப்பலேறி வணிகம் செய்து திரும்பினால், இலாபத்தில் முக்கால் பங்கு பணம் போட்டவருக்கும் கால் பங்கு பயணம் செய்தவருக்கும் போவது வழக்கம். பயணம் செய்பவர் தாமும் மூன்றில் ஒரு பங்குப் பணத்தைப் போட்டிருந்தால் இலாபம் சரிபாதியாகப் பிரியும். கணக்கிட்டுப் பாருங்கள்: அவருடைய மூன்றில் ஒரு பங்குப் பணத்துக்கு உரிய முழு இலாபமும், மீதி மூன்றில் இரண்டு பங்குக்கு உழைப்பின் பேரில் கால் பங்கும் சேர்ந்தால் சரியாகப் பாதி வருகிறது. பணத்துக்கு எவ்வளவு, உழைப்புக்கு எவ்வளவு என்று அவர்கள் பிரித்துப் பார்த்ததால்தான் பாதி என்ற முடிவுக்கு ஒரு நியாயம் இருந்தது.

உங்கள் தொழிலிலும் இருவரும் செய்யும் வேலைக்குச் சந்தையில் என்ன சம்பளம் கொடுக்க வேண்டியிருக்குமோ அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் அதைக் கொடுக்கப் பணம் இருக்காது. கொடுக்காத தொகையை ஒவ்வொருவர் பெயரிலும் கணக்கில் ஏற்றி வையுங்கள். அதற்குப் பிறகு மிஞ்சுவதுதான் பங்குகளின்படி பிரிக்க வேண்டிய இலாபம். பங்கையும் முதல் நாளே முழுவதுமாகக் கையில் கொடுத்துவிடாமல், காலத்தோடு சேர்ந்து உரிமையாகும்படி வைப்பது நல்லது. நான்கு ஆண்டுகளில் முழு உரிமை, முதல் ஆண்டு முடிவதற்குள் விலகினால் பங்கு ஏதும் இல்லை என்ற ஏற்பாடு புதுத்தொழில் நிறுவனங்களில் பரவலாக உள்ளது. எட்டாவது மாதத்தில் ஒருவர் விலகிப் போய், பாதித் தொழிலைக் காலம் முழுவதும் தம் பெயரில் வைத்துக்கொண்டிருப்பதை இது தடுக்கும்.

கருவி வடிவமைப்பாளர்

அனைவருக்கும் நன்றி. குறிப்பு எழுதி வைப்பது பற்றி அம்மையார் சொன்னதை நாளையே என்னைக் கூட்டுக்கு அழைத்தவரிடம் பேசுகிறேன்; அவருடைய நற்பெயர் என் நாட்காட்டியை நம்பி இருக்கிறது என்ற கோணத்தில் நான் இதுவரை பார்த்ததில்லை. இன்னொரு கேள்வி. தயாரிப்பு முடிவுகள் என்னுடையவை, விற்பனை முடிவுகள் அவருடையவை என்று பிரித்துக்கொண்டால் மோதலுக்கு இடமிருக்காதல்லவா?

பழைய பங்குதாரர்

இருக்கும். விலை தயாரிப்பு முடிவா, விற்பனை முடிவா? ஒப்படைக்கும் நாள் யாருடையது? வாடிக்கையாளர் ஒருவர் தமக்காகக் கருவியில் ஒரு சிறு மாற்றம் கேட்டால், ஆம் என்று சொல்லும் உரிமை யாருக்கு? சண்டை வருவது இத்தகைய எல்லைக்கோட்டு முடிவுகளில்தான். தெளிவாக ஒருவர் பக்கம் விழும் முடிவுகளை எழுதவே தேவையில்லை. இப்படி இரண்டு பக்கமும் தொடும் முடிவுகளை மட்டும் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றிலும் இருவரும் ஒத்துக்கொள்ளாதபோது யார் சொல் நிற்கும் என்று குறித்துக்கொள்ளுங்கள். எங்களிடம் ஒப்படைக்கும் நாளைச் சொல்லும் உரிமை கூட்டாளியிடம் இருந்தது. அந்த நாளை எழுதி வாங்காமல் நான் எவருக்கும் வாக்குக் கொடுத்ததில்லை. விலையில் இறுதிச் சொல் என்னுடையது, ஆனால் அவர் கணக்கிட்டுத் தந்த அடக்க விலைக்குக் கீழே நான் போக முடியாது.

தொழில் வரலாறு வாசகர்

எல்லைக்கோட்டு முடிவுகளுக்கு ஹோண்டா நிறுவனத்தை விடச் சிறந்த எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. சொய்ச்சிரோ ஹோண்டா 1948இல் நிறுவனத்தைத் தொடங்கினார். மறு ஆண்டு தக்கேயோ புஜிசாவா சேர்ந்தார். ஹோண்டா தொழில்நுட்பத்தைப் பார்த்தார்; பணம், விற்பனை, நிர்வாகம் முழுவதும் புஜிசாவாவிடம் இருந்தது. ஆவணங்களில் கையெழுத்துக்குப் பதிலாக இடும் தம் நிறுவன முத்திரையையே ஹோண்டா அவரிடம் கொடுத்து வைத்திருந்தார். இத்தனைக்குப் பிறகும் ஒரு தொழில்நுட்பக் கேள்வியில் புஜிசாவா தலையிட வேண்டி வந்தது.

1960களின் இறுதியில் ஹோண்டா காற்றால் குளிரும் எஞ்சின்தான் சிறந்தது என்று உறுதியாக நின்றார். 1969இல் வந்த ஹோண்டா 1300 கார் அப்படித்தான் உருவானது. புகை வெளியேற்றக் கட்டுப்பாடுகளை எதிர்கொள்ள நீரால் குளிரும் எஞ்சின் தேவை என்று இளம் பொறியாளர்கள் கருதினார்கள், ஆனால் நிறுவனரின் சொல்லை மீற அவர்களால் முடியவில்லை. அவர்கள் புஜிசாவாவிடம் போனார்கள். புஜிசாவா ஹோண்டாவிடம் எஞ்சினைப் பற்றி வாதாடவில்லை. அதில் ஹோண்டாவை வெல்ல அவரால் முடியாது. நீங்கள் இந்த நிறுவனத்தின் தலைவராக இருக்கப் போகிறீர்களா, அல்லது பொறியாளர்களில் ஒருவராக இருக்கப் போகிறீர்களா என்று மட்டும் கேட்டார். தலைவராகத்தான் இருக்க வேண்டும் என்று ஹோண்டா பதில் சொன்னார். அப்படியானால் அவர்கள் நீரால் குளிரும் எஞ்சினில் வேலை செய்ய விடுவீர்களா என்று புஜிசாவா கேட்க, ஹோண்டா இசைந்தார். 1972இல் அறிவிக்கப்பட்ட, புகை வெளியேற்றத்தைக் குறைக்கும் சி.வி.சி.சி. எஞ்சின் அந்த வழியில் வந்தது. மறு ஆண்டு இருவரும் ஒன்றாகவே ஓய்வு பெற்றார்கள்.

கூட்டாளியின் துறைக்குள் நுழைந்து அவரைத் திருத்த முற்படுவது ஒன்று. அந்த முடிவு நிறுவனத்துக்கு என்ன செய்யும் என்று கேட்பது வேறொன்று. இரண்டாவதைக் கேட்க எவருக்கும் அவருடைய தொழில் தெரிந்திருக்க வேண்டியதில்லை. உங்கள் கூட்டாளிக்கு அப்படிக் கேட்கும் துணிவும், உங்களுக்கு அதைக் கேட்டுக்கொள்ளும் பொறுமையும் உண்டா என்று பாருங்கள்.

ஒப்பந்த வழக்குரைஞர்

பேச்சு நல்ல திசையில் போகிறது. சட்டப் பக்கத்தில் சிலவற்றைச் சேர்க்கிறேன்; நாட்டுக்கு நாடு விதிகள் மாறும் என்பதால் கையெழுத்திடும் முன் உங்கள் இடத்தின் சட்டத்தை அறிந்தவரிடம் காட்டுங்கள்.

பொதுவான கூட்டு நிறுவனத்தில், தொழிலுக்காக ஒரு பங்குதாரர் செய்யும் ஒப்பந்தம் மற்றவரையும் கட்டும், நிறுவனத்தால் தீர்க்க முடியாத கடனுக்கு ஒவ்வொருவரின் சொந்தச் சொத்தும் பொறுப்பாகும். அவருடைய வேலை உங்களுக்குத் தெரியாது என்கிறீர்கள். தெரியாத வேலையில் அவர் போடும் கையெழுத்துக்கு உங்கள் வீடு பொறுப்பேற்கும் என்பதே இதன் பொருள். 1976 ஏப்ரல் 1 அன்று ஆப்பிள் நிறுவனம் மூவர் கூட்டாகத் தொடங்கியபோது ஸ்டீவ் ஜாப்ஸுக்கும் ஸ்டீவ் வாஸ்னியாக்குக்கும் தலா 45 விழுக்காடும், ரொனால்ட் வெய்ன் என்ற மூத்தவருக்கு 10 விழுக்காடும் இருந்தன. வெய்ன் 12 நாட்களில் விலகிக்கொண்டு 800 டாலர் பெற்றார். ஜாப்ஸ் கடனுக்குப் பொருள் வாங்கும் வேகத்தைப் பார்த்த அவருக்கு, மூவரில் கடன்காரர்கள் எடுத்துக்கொள்ளக்கூடிய சொத்து தம்மிடம்தான் உள்ளது என்பது உறைத்தது. பின்னால் அந்த 10 விழுக்காடு எவ்வளவு ஆகியிருக்கும் என்று பேசுபவர்கள், அன்று அவர் பார்த்த அபாயம் உண்மையானது என்பதை விட்டுவிடுகிறார்கள். பொறுப்பு வரையறுக்கப்பட்ட அமைப்பாகப் பதிவு செய்துகொண்டால் இந்த அச்சம் பெருமளவு நீங்கும். ஆனால் வங்கிக் கடனுக்குத் தனிப்பட்ட முறையில் பிணைக் கையெழுத்திட்டால் அந்தப் பாதுகாப்பு அந்தக் கடனுக்குக் கிடைக்காது.

பிரியும்போது ஒருவர் ஒரு விலையைச் சொல்ல வேண்டும், மற்றவர் அந்த விலைக்கு விற்கவோ வாங்கவோ செய்யலாம் என்ற விதியைப் பலர் பரிந்துரைப்பார்கள். கேட்பதற்கு நியாயமாக இருக்கும். இருவரில் ஒருவரிடம் மட்டும் பணம் இருந்தால், மற்றவரால் வாங்க முடியாது என்று தெரிந்தே அவர் குறைந்த விலையைச் சொல்ல வழியுண்டு. உங்கள் இருவரின் பண நிலையில் பெரிய வேறுபாடு இருந்தால், வெளியாள் ஒருவர் மதிப்பிட்டுத் தவணையில் பணம் கொடுக்கும் முறையே பொருத்தம்.

கருவி வடிவமைப்பாளர்

அவருடன் நேற்று நீண்ட நேரம் பேசினேன். என்னுடைய அச்சம் அவருக்கும் அதே அளவில் இருந்தது என்பது பேசிய பிறகுதான் தெரிந்தது. பங்கு எதுவும் பிரிக்காமல், ஏற்கெனவே தயாராக உள்ள ஒரே ஒரு கருவியை ஆறு மாதம் சேர்ந்து விற்றுப் பார்ப்பது என்று முடிவு செய்திருக்கிறோம். அவர் சந்திப்புக் குறிப்புகளை எழுதுவார். மாதத்துக்கு ஒருமுறையாவது நான் அவருடன் வாடிக்கையாளரிடம் போவேன். அவர் பட்டறைக்கு வந்து சோதனைகளைப் பார்ப்பார். ஆறு மாதம் கழித்துச் சேர வேண்டாம் என்று முடிவானால், அந்தக் காலத்தில் கிடைத்த வாடிக்கையாளர்களும், அவர்கள் கேட்டதற்காக நான் கருவியில் செய்த மாற்றங்களும் யாருக்குச் சொந்தம்?

ஒப்பந்த வழக்குரைஞர்

இதை இப்போதே எழுதிக்கொள்ளுங்கள், இருவருக்கும் மனம் நன்றாக இருக்கும் நேரத்தில் எழுதுவது எளிது. பொதுவாக நான் எழுதித் தருவது இப்படி இருக்கும். கருவியின் வடிவமைப்பும் அதில் செய்யும் மாற்றங்களும், யோசனை எவரிடமிருந்து வந்திருந்தாலும், வடிவமைத்தவருக்கே உரியவை. விற்பனையைப் பார்ப்பவர் முன்பே அறிந்திருந்த வாடிக்கையாளர்களின் பட்டியலைத் தொடக்க நாளிலேயே கையெழுத்திட்டு இணைத்துவிட வேண்டும், அவர்கள் அவருடையவர்கள். சோதனைக் காலத்தில் புதிதாக வந்தவர்களை இருவரும் அணுகலாம், ஆனால் அவர்கள் குறிப்பிட்ட காலத்துக்குள் மீண்டும் கருவி வாங்கினால் விற்பனையைப் பார்த்தவருக்கு உரிய தரகு விழுக்காடு போய்ச் சேர வேண்டும். விற்ற கருவிகளுக்கான பழுது பார்க்கும் பொறுப்பு யாருடையது, அதற்கான செலவை எந்தத் தொகையிலிருந்து எடுப்பது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பலர் இதை விட்டுவிடுகிறார்கள். பிரிந்த பிறகும் வாடிக்கையாளரிடமிருந்து அழைப்பு வரும், அதற்குப் பதில் சொல்ல ஒருவர் இருக்க வேண்டும்.